கெளிற்று மீன்களை இனமறியும் விதம்

ஏரி, குளம், கண்மாய், வயல் வாய்க்கால், கழிமுகம், கடலோரம் ஆகிய எவ்விடத்தில் வலை வீசினாலும் கெளிறு அகப்படாமற் போவது அரிது. செதிலற்ற வழவழப்பான உடலும், வாயைச் சுற்றி மீசைகளும், பெரும்பாலும் கையில் தைக்கும் முட்களும் உடைய மீன்களை நம் ஜனங்கள் கெளிறு என்றும், கெளுத்தி என்றும் பொதுப்பட அழைக்கின்றனர். ஆயினும் இப்பெயரில் அடங்குபவை ஒரே ஜாதி அல்ல. அவற்றுள் குளத்தில் வளர்த்து லாபம் பெறத்தக்கவை சில. மற்ற மீன்களின் குஞ்சுகளை விழுங்கி நஷ்டம் விளைவிப்பவை சில. கையிலே குத்திக் கடுநோவு உண்டாக்குபவை சில. சட்டத்தினால் வளர்க்கக் கூடாதென விலக்கப்பட்டவையும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய வல்லவன் தன் குளத்தையும் தன் ஊர்க் குளத்தையும் காத்துக்கொள்வான். அறியாதவன் வியாபாரி சொல்லும் பெயரை நம்பி ஏமாற நேரும்.

பெயரை நம்பி மீனை நிச்சயிப்பது எவ்வாறு தவறாக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். தேளி என்ற பெயர், தேள் கொட்டியது போல் குத்தும் ஒரு நாட்டு மீனுக்கு வழங்குவது. ஆனால் அதே பெயரைச் சில ஊர்களில் வேறொரு நாட்டு மீனுக்கும், அண்மைக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த மீனுக்கும் சேர்த்தே வழங்குகின்றனர். சந்தையிலோ அந்த ஆப்பிரிக்க மீன் தாய் மாகூர் என்ற பெயரில் விலையாகிறது. அதன் தாயகம் தாய்லாந்து அன்று. ஆகையால் இப்பாடத்தின் முதல் விதி யாதெனில்: பெயரைக் கேளாதே, மீனின் உறுப்புகளைப் பார்.

பார்க்க வேண்டிய நான்கு அடையாளங்கள்

கெளிற்று வகைகளின் நிறம் நீரின் தன்மைக்கேற்ப மாறும். கலங்கல் நீரிலுள்ள மீன் வெளிறியும், நிழலும் பாசியும் உள்ள தெளிந்த நீரிலுள்ள மீன் கறுத்தும் காணப்படும். ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு இனத்தைத் தீர்மானித்தல் கூடாது. எளிதில் மாறாத அடையாளங்கள் நான்கு. அவற்றைக் கீழ்க்கண்ட வரிசையில் பார்த்து வருதல் நலம்.

முதலாவது, மீசைகளின் எண்ணிக்கை. மூக்குத் துளையருகே ஒரு ஜோடி, மேல்தாடை ஓரத்தில் ஒரு ஜோடி, கீழ்த்தாடையின் அடியில் இரண்டு ஜோடி என எட்டு மீசைகள் உடையவை சில. மூக்கருகில் மீசை இன்றி ஆறு உடையவை சில. மேல்தாடையில் ஒன்றும் கீழ்த்தாடையில் ஒன்றுமாக இரண்டே ஜோடி உடையவை சில. மீசைகள் உடலோடு ஒட்டிக் கிடப்பதால், மீனை நீர் நிறைந்த வெள்ளைப் பாத்திரத்தில் விட்டு எண்ணினால் தவறு நேராது.

இரண்டாவது, முதுகுத் துடுப்பு. அது தலைக்குப் பின்னே குட்டையாக நின்றுவிடுகிறதா, முதுகு நெடுகிலும் வால் வரை ஓடுகிறதா என்பதையும், அதன் முன்பக்கத்தில் முள் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கொழுப்புத் துடுப்பு. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில், எலும்போ கதிரோ இல்லாமல் தசைமடிப்பு போல் எழுந்து நிற்கும் சிறு துடுப்பே இப்பெயர் பெற்றது. இது சில வகைகளில் உண்டு; சிலவற்றில் இல்லை.

நான்காவது, வாலின் உருவம். வால் இரு கிளையாகப் பிளந்திருக்கலாம். விசிறி போல் வட்டமாக இருக்கலாம். விலாங்கின் வால் போல் கூர்மையாய் முடியலாம்.

இந்நான்கையும் கொண்டு, நம் நாட்டில் சாதாரணமாய் அகப்படும் கெளிற்று வகைகளைப் பள்ளிச் சிறுவனும் பிரித்துவிடலாம். நம் மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய பிரான்சிஸ் டே என்னும் வைத்தியர், 1875 முதல் 1878 வரை வெளிவந்த தமது நூலில், மீசை, துடுப்பு முதலிய இத்தகைய அடையாளங்களைக் கொண்டே கெளிற்று வகைகளைப் பகுத்துக் காட்டினார். அவர் சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்தவர்.

நன்னீரில் வாழ்பவை

1. நாட்டுக் கெளிறு. மீசை எட்டு. முதுகுத் துடுப்பு குட்டை. அதன் முன்பக்கத்தில் உறுதியான முள் உண்டு. கொழுப்புத் துடுப்பு உண்டு. வால் பிளந்தது. ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் ஒரு சாண் அளவுக்குட்பட்டு அகப்படும் சிறு கெளிறுகள் பெரும்பாலும் இவ்வகையினவே. சிலவற்றின் பக்கங்களில் நீளவாட்டில் கோடுகள் ஓடும். கோதாவரி, கிருஷ்ணா போன்ற பேராறுகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ஜாதிகள் ஒரு மீட்டர் நீளத்தையும் எட்டும். அவற்றின் கொழுப்புத் துடுப்பின் பின்முனையில் ஒரு கரும்புள்ளி இருப்பது நல்ல அடையாளம்.

2. வாளை. மீசை நான்கே, மேல்தாடை மீசைகள் மிக நீண்டவை. முதுகுத் துடுப்பு முள்ளற்றது. மிகச் சிறியதாதலால் கவனியாவிடில் இல்லையென்றே தோன்றும். கொழுப்புத் துடுப்பு இல்லை. வால் பிளந்தது. வயிற்றின் அடியிலுள்ள மலத்துடுப்பு வால் வரை நெடுக ஓடும். வாய்ப்பிளவு கண்ணையும் கடந்து பின்னே செல்லும். இத்தகைய பெருவாயுடையது ஊனுண்ணி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கட்லா, ரோகு முதலிய கெண்டை வகைக் குஞ்சுகளை விட்ட குளத்தில் வாளை புகுந்தால் குஞ்சுகள் மிஞ்சா. சொட்டை வாளை என்பது இதனுடைய சிறு உறவினம். அதற்கு வாய்ப்பிளவு சிறியது. செவுளுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளி உண்டு.

3. தேளி. மீசை எட்டு. முதுகுத் துடுப்பு மிகக் குட்டை, முள் இல்லை. கொழுப்புத் துடுப்பு இல்லை. வால் வட்டமானது. மலத்துடுப்பு நீண்டது, வாலுக்கும் அதற்கும் இடையே ஒரு சிறு வெட்டு இருக்கும். முதுகில் முள் இல்லையென்று அலட்சியமாய்ப் பிடிக்கலாகாது; தோள் துடுப்பு ஒவ்வொன்றிலும் நஞ்சுடைய முள் ஒன்று உண்டு. செவுளிலிருந்து உடலின் உள்ளே பின்னோக்கிச் செல்லும் இரு காற்றுப் பைகளால் இது மேற்காற்றையும் சுவாசிக்கும். அதனால் சேறும் சகதியுமான குட்டையிலும் உயிர் வாழும்.

4. நாட்டு மாகூர். மீசை எட்டு. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னே தொடங்கி வாலருகே வரை ஓடும், முள் இல்லை. மலத்துடுப்பும் நீண்டது. கொழுப்புத் துடுப்பு இல்லை. வால் வட்டம். செவுளுக்கு மேலே மரக்கிளை போல் கிளைத்த சுவாச உறுப்பு உண்டு. இதனால் இதுவும் காற்றைக் குடித்து வாழ வல்லது. மழைக்காலத்தில் நீர் நிறைந்த வயல்களிலும் கரையோரங்களிலும் சிறு குழி செய்து முட்டையிடும். மாகூர் என்பது வங்காளத்தில் வழங்கும் பெயர். ஹாமில்டன் என்பவர் கங்கை மீன்களைப் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில் இப்பெயராலேயே இதனைக் குறித்தார். ருசியும் நல்ல விலையும் உடைய இம்மீன் இயற்கை நீர்நிலைகளில் அருகி வருகிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவை எதிர்நோக்கும் ஜாதிகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. தென்னாட்டில், முக்கியமாய் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய நீர்நிலைகளில், இதற்கு நெருங்கிய வேறொரு ஜாதியும் உண்டு.

தேளிக்கும் மாகூருக்கும் உள்ள வேற்றுமையை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் கறுத்த, நீண்ட, வட்டவால் மீன்கள். இரண்டுக்கும் மீசை எட்டு. முதுகுத் துடுப்பு குட்டையானால் தேளி. நெடியதானால் மாகூர் இனம்.

கழிமுகத்திலும் கடலோரத்திலும் வாழ்பவை

5. கடற்கெளிறு. மீசை பெரும்பாலும் ஆறு. மூக்கருகில் மீசை இல்லை. முதுகுத் துடுப்பு குட்டை. அதிலும் தோள் துடுப்புகளிலும் ரம்பப் பல்லுடைய வலிய முட்கள் உண்டு. கொழுப்புத் துடுப்பு உண்டு. வால் ஆழப் பிளந்தது. தலையின் மேற்புறம் எலும்புக் கவசம் போல் கெட்டியானது. கடலில் வாழினும் கழிமுகங்களிலும், நீர் ஏறி வற்றும் ஆற்றுப் பகுதிகளிலும் புகும். இதன் முட்டைகள் சுண்டைக்காயளவு பருமனுடையவை. அவற்றை ஆண் மீன் தன் வாய்க்குள் அடக்கிப் பொரிக்கும் வரை காத்து, அக்காலத்தில் இரையுண்ணாது கிடக்கும். முட்டைகளும் மிகச் சிலவே. வாயில் முட்டையோடு அகப்பட்ட ஆண் மீனைக் கொன்றால் ஒரு தலைமுறையே அழிகிறது. ஆகவே அத்தகைய மீனை உயிரோடிருக்கும்போதே நீரில் விட்டுவிடுதல் கடலோர ஊரார்க்கே லாபம்.

6. உப்பங்கழிக் கெளிறு. இது நாட்டுக் கெளிற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது; உப்பும் நன்னீரும் கலந்த இடங்களில் வாழும். துடுப்பு, வால், முள் ஆகியவற்றால் கடற்கெளிற்றைப் போலவே தோன்றும். பிரித்தறியும் வழி ஒன்றே: மூக்கருகே மீசை உண்டானால் எட்டாகும், அது உப்பங்கழிக் கெளிறு. இல்லாவிடில் ஆறாகும், அது கடற்கெளிறு. இவ்வேற்றுமை உப்பங்கழிப் பண்ணை வைத்திருப்போர்க்கு மிக உபயோகமானது. ஏனெனில் உப்பங்கழிக் கெளிறு பண்ணையில் வளர்க்கத்தக்கது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அதனைக் குஞ்சு பொரிப்பிக்கும் முறையையும் கண்டுள்ளது.

7. இருங்கெளுத்தி. மீசை எட்டு. முதுகுத் துடுப்பு இரண்டு: முன்னது குட்டையும் முள்ளுடையதும் ஆகும், பின்னது நெடுக ஓடி, வாலோடும் மலத்துடுப்போடும் ஒன்றாய் இணைந்து விலாங்கு வால் போல் கூர்ந்து முடியும். இதன் முள் மிகக் கொடியது. கடலோரப் பாறையிடுக்கில் வாழும் ஒரு ஜாதியின் உடலில் நீளவாட்டில் வெளிறிய கோடுகள் இருக்கும். அதன் குஞ்சுகள் பந்து போல் திரண்டு செல்லும். அழகாயிருக்கின்றனவென்று சிறுவர் கையில் அள்ளாதபடி தடுக்க வேண்டும்.

அயல்நாட்டிலிருந்து வந்தவை

8. பங்கேசியஸ். மீசை நான்கு, சிறியவை. முதுகுத் துடுப்பு குட்டை, முள் உண்டு. சிறிய கொழுப்புத் துடுப்பு உண்டு. வால் பிளந்தது. உடல் வெள்ளிபோல் மின்னும். தென்கிழக்காசியாவின் மீகாங், சாவோ பிரயா ஆறுகளைத் தாயகமாக உடையது. இதனை வளர்ப்பதற்குச் சர்க்கார் விதித்த நிபந்தனைகள் உண்டு. அவற்றுக்குட்பட்டு அனுமதி பெற்றே வளர்க்க வேண்டும்.

9. டேங்க் கிளீனர். வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் பாசியைத் தின்னும்பொருட்டு விற்கப்படும் தென் அமெரிக்க மீன் இது. பெருத்தவுடன் தொட்டியில் இடமின்மையால் ஜனங்கள் இதனை ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய் விடுகின்றனர். மற்றக் கெளிறுகளைப் போலன்றி இதன் உடல் முழுதும் எலும்புத் தகடுகள் அடுக்கியிருக்கும். வாய் தலையின் அடியில் உறிஞ்சி போல் அமைந்திருக்கும். வலையைக் கிழிப்பது இதன் ஒரு தொல்லை. அதனினும் பெரிய தொல்லை, முட்டையிடுவதற்காக இது மண்கரையில் நீண்ட வளை தோண்டுவதாகும். ஏரிக்கரையைக் காக்கும் பொறுப்புடையோர் இதனைச் சிறிய விஷயமாய் எண்ணலாகாது.

10. ஆப்பிரிக்கக் கெளிறு. இப்பாடத்தின் முக்கிய பாகம் இதுவே. மீசை எட்டு, நெடிய முதுகுத் துடுப்பு, கொழுப்புத் துடுப்பின்மை, வட்டவால் ஆகிய நான்கிலும் இது நாட்டு மாகூரை முற்றிலும் ஒக்கும். அதுவே இதன் அபாயம்.

ஆப்பிரிக்கக் கெளிற்றை நாட்டு மாகூரினின்று பிரித்தல்

வளர்ந்த மீனாயின் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க.

தலை: நாட்டு மாகூரின் தலை, வாலை நீக்கிய உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. ஆப்பிரிக்கக் கெளிற்றின் தலை பெரியது, தட்டையானது. மூன்றில் ஒரு பங்கையும் எட்டுவதுண்டு.

தலையின் அடிப்புறம்: மீனைப் புரட்டிப் பார்த்தால், ஆப்பிரிக்கக் கெளிற்றின் தலையடியில் பக்கத்துக்கு ஒன்றாக நீளவாட்டில் இரு கரும்பட்டைகள் பெரும்பாலும் தெரியும். நாட்டு மாகூரில் இவை இல்லை.

உடல்: ஆப்பிரிக்கக் கெளிற்றின் பக்கங்களில் சலவைக்கல் போன்ற சாம்பல்நிறத் திட்டுக்கள் காணப்படும். நாட்டு மாகூர் ஒரே சீரான பழுப்பு அல்லது கருநிறமுடையது. சிலவற்றின் பின்னுடலில் சிறு வெண்புள்ளிகள் வரிசையாய் இருக்கும்.

செவுள்: செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கி, முதல் வளைவிலுள்ள சீப்புப் பற்களைப் பார்க்க. நாட்டு மாகூரில் அவை ஏறத்தாழ இருபதுக்குட்பட்டவை. ஆப்பிரிக்கக் கெளிற்றில் மிக நெருக்கமானவை. மீன் பெருக்கப் பெருக்க எண்ணிக்கையும் கூடி, நூறளவுக்கும் செல்லும்.

பருமன்: நாட்டு மாகூர் ஆறு மாதத்தில் கால் கிலோவை எட்டுவதும் அரிது. ஆப்பிரிக்கக் கெளிறு அக்காலத்துக்குள் ஒரு கிலோவை எட்டும். முழு வளர்ச்சியில் ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட நீளமும், 60 கிலோ வரை எடையும் பதிவாகியுள்ளன. நெடுமுதுகுத் துடுப்புடைய கெளிறு ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் நிறுக்குமாயின் அதனைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

இனி, குஞ்சுகளின் விஷயம். குளத்தில் விடுவதற்காக விலைக்கு வருபவை இரண்டு மூன்று அங்குலக் குஞ்சுகளே. அப்பருவத்தில் தலையடிப் பட்டை தெரியாது, திட்டுக்களும் தெளிவாயிரா, பருமனும் உதவாது. ஆகவே மேற்கூறிய அடையாளங்களால் குஞ்சுகளைப் பிரித்துவிடலாமென்று எண்ணுதல் பிழை. ஆனால் நெடிய முதுகுத் துடுப்பும், வட்ட வாலும், எட்டு மீசையும் இரண்டங்குலக் குஞ்சிலேயே நன்றாய்த் தெரியும். அதுவரை நிச்சயிப்பது எவராலும் ஆகக்கூடியது. அதற்குமேல் கண்ணை நம்பாமல், குஞ்சு எங்கிருந்து வந்ததென்பதைக் கேட்க வேண்டும். நாட்டு மாகூர்க் குஞ்சு உண்டாக்குவது சிரமமான காரியம்: பெண் மீன் இடும் முட்டைகள் சில ஆயிரமே, ஊசி மருந்திட்டு முட்டை எடுத்து, ஆண் மீனை அறுத்தே விந்தைப் பெற வேண்டும். ஆதலின் அக்குஞ்சு குறைந்த விலைக்கு, கேட்டபோதெல்லாம், ஆயிரக்கணக்கில் கிடைக்காது. இலாகாப் பண்ணையிலிருந்தோ பதிவு பெற்ற குஞ்சுப் பண்ணையிலிருந்தோ வந்ததென்பதற்கு ரசீது இல்லாத நெடுமுதுகுத் துடுப்புக் கெளிற்றுக் குஞ்சை, விற்பவன் எப்பெயர் சொல்லினும், குளத்தில் விடாதிருப்பதே விதி.

இம்மீனால் விளையும் கேடு

இம்மீன் 1990-களில் வங்கதேச எல்லை வழியாக, அனுமதியின்றி நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. விரைவில் வளர்வதாலும், இறைச்சிக் கழிவு முதலிய எதையும் உண்பதாலும், அழுகல் நீரிலும் பிழைப்பதாலும் பலர் இதனை வளர்க்கத் தொடங்கினர். கேட்டினை உணர்ந்து மத்திய சர்க்கார் 2000-ஆம் ஆண்டில் இதனை வளர்க்கலாகாதெனத் தடை செய்தது.

இது மீன், தவளை, நத்தை, பூச்சி என வேறுபாடின்றி விழுங்கும். ராஜஸ்தானத்துப் பரத்பூர் பறவைச் சரணாலயத்தில் வாய்க்கால் நீரோடு புகுந்த இம்மீன், நீர்ப்பறவைகளுக்கு இரையாக வேண்டிய சிறு மீன்களைத் தின்று பெருகிவிட்டது. வனத்துறையார் ஆயிரக்கணக்கில் பிடித்தழித்தும் அடியோடு ஒழிக்க முடியவில்லை.

நம் பக்கத்து ஏரிகளின் அமைப்பை எண்ணினால் அபாயம் இன்னும் தெளிவாகும். நம் ஏரிகள் தனித்தனி நிற்பவை அல்ல. மேலேரியின் கலிங்கு வழிந்த நீர் கீழேரிக்குச் செல்லும். அதன் மிகுதி அடுத்த ஏரிக்குச் செல்லும். முடிவில் ஆற்றையோ கடலையோ சேரும். ஒருவர் தம் பண்ணைக்குட்டையில் விட்ட ஆப்பிரிக்கக் கெளிறு, ஐப்பசி கார்த்திகை மழையில் வரப்பு வழிந்து வாய்க்காலில் இறங்கினால், அந்தத் தொடரிலுள்ள ஏரிகளுக்கெல்லாம் வழி திறந்துவிடுகிறது. ஈரத் தரையில் ஊர்ந்தும் சிறிது தூரம் செல்ல வல்லது. கோடையில் ஏரி வற்றும்போது கெண்டை வகைகள் சாகும். இதுவோ சேற்றில் புதைந்து காற்றைக் குடித்துக் கிடந்து, அடுத்த மழையில் முதலாவதாக இரை தேடும். குத்தகைதாரர் அந்த ஆண்டு விடும் குஞ்சுகள் யாருக்கு உணவாகுமென்பதைக் கூறத் தேவையில்லை. அருகிப்போன நாட்டு மாகூருக்கும், விராலுக்கும், சிறு கெளிறுகளுக்கும் இதனால் வரும் குறைவு பணத்தால் ஈடுசெய்யக்கூடியதன்று.

செய்ய வேண்டியவை

குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு விடும்போது, விடப்போகும் குஞ்சுகளின் இனத்தையும் அவை வந்த பண்ணையையும் எழுத்தில் கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனையைச் சேர்ப்பது நலம். குஞ்சுகளை நீரில் விடுமுன் கிராம அதிகாரியோ பஞ்சாயத்தாரோ ஒரு வெள்ளைத் தட்டில் பத்துக் குஞ்சுகளை எடுத்து முதுகுத் துடுப்பையும் வாலையும் பார்க்கலாம்; அதற்குக் கால் நாழிகையும் ஆகாது. கெண்டைக் குஞ்சென்று சொல்லி வந்த கூட்டத்தில் மீசையுள்ள குஞ்சு கலந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

பண்ணைக்குட்டையில் ஆப்பிரிக்கக் கெளிறு இருப்பது தெரியவந்தால், அதனை மறைப்பதும், இரவோடிரவாய் வாய்க்காலில் திறந்துவிடுவதும் பெருந்தவறு. நீர் வெளியேறும் வழிகளை நெருக்கமான வலையால் அடைத்து, மீன்வள இலாகாவுக்கு அறிவித்து, அவர்கள் முன்னிலையில் குட்டையை வற்றவைத்து, மீன்களைக் கொன்று புதைக்க வேண்டும். மேலே நீர் வற்றினால் போதாது. சேற்றையும் கிளறி, உலரவிட வேண்டும். ஏரியில் வலைக்கு அகப்பட்டதை மீண்டும் நீரில் எறியலாகாது.

முள் குத்தினால்

கெளிற்றின் தோள் துடுப்பு முள் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் தன்மையது; செத்த மீனின் முள்ளும் குத்தும். மீனைத் தலைக்குப் பின்னே, தோள் முட்களுக்குப் பின்புறமாய் இறுகப் பிடிக்க வேண்டும். வலையில் சிக்கியதை இழுக்காமல், கண்ணியை அறுத்து எடுப்பதே உத்தமம்.

குத்திய இடத்தை நல்ல நீரால் கழுவி, வெளியே தெரியும் முள் துண்டை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையையோ காலையோ அமிழ்த்தி வைக்க வேண்டும். வெந்நீரின் சூடு சுமார் 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படலாகாது. குத்துப்படாத கையால் முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்க. இம்முட்களின் நஞ்சு சூட்டினால் கெடும் தன்மையுடையதாதலால் நோவு தணியும். குத்திய இடத்துக்கு மேலே கயிறு கட்டுவதும், காயத்தைக் கீறுவதும் கூடா. முள் உள்ளே முறிந்திருந்தாலும், வீக்கம் பரவினாலும், மூச்சுத் திணறல், மயக்கம் உண்டானாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சாதாரணக் குத்தானாலும் வில்வாத ஜன்னித் தடுப்பூசியைப் பற்றி வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

சில பயிற்சிகள்

கற்றதைச் சோதித்துக்கொள்ளும்பொருட்டு மூன்று உதாரணங்கள் தருகிறோம்.

கழிமுகத்தில் ஒரு மீன்; வால் பிளந்தது; கொழுப்புத் துடுப்பு உண்டு; முதுகில் முள் உண்டு; மீசை எட்டு. இது கடற்கெளிறன்று, உப்பங்கழிக் கெளிறு.

வயல் வாய்க்காலில் ஒரு மீன், வால் வட்டம், மீசை எட்டு, முதுகுத் துடுப்பு விரல்நுனி அளவே. இது தேளி, தோள் முள்ளுக்கு ஜாக்கிரதை.

சந்தையில் உயிரோடு ஒரு மீன், நாட்டுக் கெளுத்தியென்று விற்கிறார்கள், மீசை எட்டு, முதுகுத் துடுப்பு நெடியது, வால் வட்டம், எடை ஒன்றரை கிலோ, புரட்டினால் தலையடியில் இரு கரும்பட்டை. இது ஆப்பிரிக்கக் கெளிறு. இதில் கொழுப்புத் துடுப்பும் பிளந்த வாலும் இல்லாமையால், நாட்டுக் கெளிறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

மீசையை எண்ணுதல், முதுகுத் துடுப்பை அளத்தல், கொழுப்புத் துடுப்பைத் தேடுதல், வாலைப் பார்த்தல் ஆகிய இந்நான்கும் செலவில்லாத காரியங்கள். அடுத்த முறை வலை கரையேறும்போது குடியானவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு இவற்றைப் பழகிக்கொள்வார்களாக. குஞ்சு விடும் காலம் வருமுன் இப்பழக்கம் ஊரில் இரண்டொருவர்க்கு ஏற்பட்டிருப்பின், அந்த ஊர்க் குளத்துக்கு அதுவே நல்ல காவல்.